நா எழாத வழக்கறிஞர்

நுழையுமுன்

விடை தெரிந்திருந்தும் வகுப்பில் கையை உயர்த்தத் தயங்கும் மாணவர் உண்டு. வீட்டில் தடையின்றித் தமிழ் பேசும் பிள்ளை, கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றதும், 'பிழையாகப் பேசினால் சிரிப்பார்களே' என்று அத்தை மாமன் நடுவில் வாய்மூடி நிற்பதும் உண்டு. இத்தயக்கம் முற்றிலும் நீங்கிய பிறகுதான் ஒருவர் பிறருக்குப் பயன்படும் செயலைத் தொடங்க முடியுமா? பின்னாளில் பெருங்கூட்டங்களில் பேசிய ஒருவர், தம் இளமையில் நாலு பேர் முன்னே நாலு சொல் பேச இயலாமல் தவித்த கதையை இப்பாடம் கூறுகிறது.

பாடம்

பம்பாய் நகரில் சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில், இளம் வழக்கறிஞர் ஒருவர் தம் முதல் வழக்கை நடத்த வந்திருந்தார். அவருக்கு வயது 22. இலண்டனில் சட்டம் பயின்று, 1891ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் ஆனவர். வழக்கு எளியது; ஒரே நாளில் முடிந்துவிடக் கூடியது. அதற்காக அவர் பெற்ற கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதே அன்று அவருக்குரிய வேலை.

அவர் எழுந்து நின்றார். தலை சுழன்றது. நீதிமன்றமே தம்மோடு சேர்ந்து சுழல்வது போலிருந்தது. சாட்சியிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியும் நெஞ்சில் எழவில்லை. சிறிது நேரம் நின்றவர், ஒன்றும் பேசாமலே அமர்ந்துவிட்டார். வழக்கைக் கொண்டுவந்த முகவரிடம், "என்னால் இதை நடத்த இயலாது, வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள், கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றார். 51 ரூபாய்க்கு வேறொரு வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். இளைஞரோ தம் கட்சிக்காரர் வென்றாரா தோற்றாரா என்பதையும் அறியாமல் அங்கிருந்து விரைந்து வெளியேறினார். வழக்கு நடத்தும் துணிவு வரும்வரை இனி எந்த வழக்கையும் ஏற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

அந்த இளைஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

அன்று ஏற்பட்ட கலக்கம் புதிதன்று. பள்ளிப் பருவத்திலேயே அது அவரோடு வளர்ந்தது. மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளிக்குச் செல்வதும், பள்ளி விட்டவுடன் வீட்டுக்கு ஓடிவிடுவதும் அவர் வழக்கம். யாரேனும் நிறுத்திப் பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ, கேலி செய்துவிடுவார்களோ என்னும் அச்சமே அந்த ஓட்டத்துக்குக் காரணம். 1888இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது இராஜ்கோட்டில் பள்ளித் தோழர்கள் அவரை வாழ்த்தி வழியனுப்பினர். நன்றி கூறுவதற்காகச் சில வரிகளை எழுதிக்கொண்டு சென்றிருந்தார். அவற்றைப் படித்து முடிப்பதற்குள் உடல் முழுதும் நடுங்கிவிட்டது.

இலண்டனில் மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். கூட்டந்தோறும் தவறாமல் செல்வார். ஆனால் வாய் திறக்க மாட்டார். ஒரு முறை, மாறுபட்ட கருத்துக் கொண்டிருந்தார் என்பதற்காக ஓர் உறுப்பினரைச் சங்கத்திலிருந்து நீக்க முயன்றனர். அந்த உறுப்பினரின் கருத்து காந்திக்கும் உடன்பாடானதன்று. ஆயினும் அதற்காக ஒருவரை வெளியேற்றுவது முறையாகாது என்று அவர் எண்ணினார். எண்ணியதைச் சொல்ல நா எழவில்லை. தாளில் எழுதிச் சென்றார். எழுதியதை எழுந்து படிக்கவும் துணிவில்லை. தலைவர் வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். அன்று காந்தியின் தரப்பு தோற்றது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேச அஞ்சியவர், பிறருக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடவில்லை. நாவால் முடியாததை எழுதுகோலால் செய்தார். அந்த ஒரு தாளில் பிற்காலக் காந்தியடிகளின் சாயல் ஏற்கெனவே தெரிகிறது.

இங்கிலாந்தைவிட்டுப் புறப்படுமுன் நண்பர்களுக்கு ஓர் உணவகத்தில் அவர் விருந்தளித்தார். விருந்தளிப்பவர் பேச வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். நகைச்சுவையோடு தொடங்க வேண்டும் என்று எண்ணி, ஒரு சிறு கதையைப் பெரிதும் முயன்று நினைவில் பதித்துக்கொண்டார். எழுந்தார்; முதல் வாக்கியத்தைச் சொன்னார்; அடுத்த வாக்கியம் மறந்துபோயிற்று. 'என் அழைப்பை ஏற்று வந்தமைக்கு நன்றி' என்னும் பொருள்பட ஏதோ கூறிவிட்டு அமர்ந்துவிட்டார். மறதியால் நின்றுபோன நகைச்சுவைப் பேச்சு அவரையே நகைப்புக்கு இடமாக்கிற்று.

இத்தகையவர் பம்பாயில் வழக்கறிஞராக நிலைபெறாததில் வியப்பில்லை. வேறு வழி தேடினார். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் தேவை, ஊதியம் 75 ரூபாய் என்ற விளம்பரம் ஒன்றைக் கண்டு விண்ணப்பித்தார். கல்லூரிப் பட்டதாரி அல்லர் என்னும் காரணத்தால் அவ்வேலையும் கிட்டவில்லை. இராஜ்கோட்டுக்குத் திரும்பி, பிறருக்கு மனுக்கள் எழுதிக் கொடுத்து வாழ்க்கையை நடத்தினார். இந்நிலையில், தென்னாப்பிரிக்காவில் வணிகம் செய்த போர்பந்தரைச் சேர்ந்த ஒரு நிறுவனம், தன் வழக்கொன்றில் உதவுவதற்கு அவரை ஓராண்டுக்கு அழைத்தது. 1893 ஏப்ரலில் அவர் கப்பலேறினார்.

தென்னாப்பிரிக்காவில் அவருக்கு நேர்ந்த அவமதிப்பு பலரும் அறிந்தது. முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், வெள்ளையர் அல்லர் என்பதால் மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். குளிர்காலம். மேலங்கி பெட்டிக்குள் இருந்தது; பெட்டியோ ரயில்வே ஊழியர் வசம். அதைக் கேட்கப் போனால் மீண்டும் அவமதிப்பார்களோ என்று அஞ்சி, விளக்கில்லாத அறையில் இரவு முழுவதும் நடுங்கியபடி அமர்ந்திருந்தார். அந்த ஓர் இரவில் கோழை வீரனாகிவிட்டான் என்று கதை சொல்வோர் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தது அவ்வளவு எளிதன்று. தம் மேலங்கியைக் கேட்கவே அன்றிரவு அவருக்குத் துணிவு வரவில்லை என்பதை அவரே தம் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அன்றிரவு அவர் செய்தது ஒரு முடிவு மட்டுமே: வந்த கடமையை முடிக்காமல் தாயகம் திரும்புவதில்லை, நிறவெறி என்னும் நோயை வேரறுக்கத் தம்மால் இயன்றதைச் செய்வது.

பிரிட்டோரியா நகரை அடைந்த சில நாள்களிலேயே, அங்கு வாழ்ந்த இந்தியர்களை ஒரு வணிகரின் இல்லத்தில் கூட்டினார். அக்கூட்டத்தில் பேசியதே தம் வாழ்வின் முதல் மேடைப் பேச்சு என்று அவர் குறிப்பிடுகிறார். பேசிய பொருள், வணிகத்தில் வாய்மை. வணிகத்தில் உண்மைக்கு இடமில்லை என்று கருதிய வணிகர்களின் முன்னிலையில், அயல்நாட்டில் ஒருவர் செய்யும் தவறு அவர் பிறந்த நாட்டின்மீதே பழியாக விழும் என்று எடுத்துரைத்தார். தூய்மையைப் பற்றிப் பேசினார். மதமும் மாநிலமும் பாராமல் ஒன்றுசேர வேண்டும் என்றார். அதற்கென ஒரு சங்கம் அமைத்தால் தம் நேரத்தையும் உழைப்பையும் தருவதாகச் சொன்னார்.

இலண்டனில் நாலு வரி பேச இயலாதவருக்கு இங்கே சொற்கள் எங்கிருந்து வந்தன? இலண்டன் விருந்தில் அவர் எண்ணம் முழுவதும் தம்மைப் பற்றியதாக இருந்தது. நகைச்சுவை எடுபடுமா, கேட்போர் மெச்சுவார்களா என்பதே கவலை. பிரிட்டோரியாவில் அவர் கண்முன் நின்றவை, நடைபாதையில் நடக்கவும் உரிமையற்றிருந்த மக்களின் துன்பமும் அவர்களிடம் அவர் கண்ட குறைகளுமே. அவற்றைச் சொல்லியாக வேண்டும். தம்மைப் பற்றி எண்ண அங்கே நேரமில்லை.

அக்கூட்டத்தின் முடிவில் அவர் மற்றொன்றும் செய்தார். அங்கிருந்தோரில் மிகச் சிலரே ஆங்கிலம் அறிந்தவர். அந்நாட்டில் பிழைப்பதற்கு ஆங்கிலம் உதவும் என்பதால், விரும்பியவர்களுக்குத் தாமே கற்பிப்பதாகக் கூறினார். மூவர் முன்வந்தனர்: முடிதிருத்துபவர் ஒருவர், எழுத்தர் ஒருவர், சிறு கடைக்காரர் ஒருவர். தங்கள் இடத்துக்கே வந்து கற்பிக்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. காந்தி ஒப்புக்கொண்டார். சில நாள் அவர் சென்று நிற்கும்போது மாணவர்கள் தம் தொழிலில் மூழ்கியிருப்பர். முடிதிருத்துபவர் கையில் கத்தியோடு வாடிக்கையாளரிடம் நிற்கையில், பாரிஸ்டர் ஆசிரியர் ஒரு புறம் காத்திருக்க வேண்டியதுதானே! ஆனாலும் அவர் பொறுமை இழக்கவில்லை. ஏறத்தாழ எட்டு மாதங்களில் அவர்களுள் இருவர் கணக்கு எழுதவும் வணிகக் கடிதம் வரையவும் கற்றுக்கொண்டனர். பம்பாயில் ஆங்கில ஆசிரியர் வேலைக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் இவர்தாம். பிரிட்டோரியாவில் கற்பிக்க முன்வந்தபோது, தம் திறமையைப் பற்றி அவருக்கு எள்ளளவும் ஐயம் எழவில்லையாம்.

1894இல் வழக்கு முடிந்தது. இரு தரப்பினரையும் இணக்கமாகப் போகச் செய்து அதை முடித்து வைத்தார். ஊர் திரும்பும் வேளையில், நேட்டால் நாட்டு இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்ட முன்வரைவு பற்றிய செய்தி வெளிவந்தது. மக்கள் வேண்டவே அவர் அங்கேயே தங்கினார். பொதுப்பணிக்கு ஊதியம் பெற மறுத்து, வழக்கறிஞர் தொழிலில் கிடைப்பதைக் கொண்டே வாழ்ந்தார். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அவ்வாண்டில் தோன்றியது.

அந்நாள்களில் ஒரு நாள், டர்பன் நகரில் இருந்த அவருடைய அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்து சேர்ந்தார். கந்தல் உடை, முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன, வாயிலிருந்து குருதி ஒழுகியது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, உடல் நடுங்க அழுதுகொண்டு நின்றார். அவர் பெயர் பாலசுந்தரம்.

1860ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பனை அடைந்தது முதல், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களிலும் வீடுகளிலும் வேலை செய்வதற்காகத் தமிழர்களும் பிற இந்தியர்களும் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒப்பந்தக் கூலியாள் முதலாளியைவிட்டு விலகிச் சென்றால் அது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அடிமையைப் போலவே அவரும் முதலாளியின் உடைமையாகக் கருதப்பட்டார். பாலசுந்தரத்தின் முதலாளி டர்பனில் பெயர்பெற்ற ஓர் ஐரோப்பியர். சினத்தில் அறிவிழந்து தம் பணியாளை இந்நிலைக்கு உள்ளாக்கியிருந்தார்.

காந்திக்குத் தமிழ் தெரியாது. அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒரு தமிழரே நடந்ததை மொழிபெயர்த்துச் சொன்னார். காந்தி பாலசுந்தரத்தை உடனே ஒரு மருத்துவரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்றிதழ் பெற்றார். பின்னர் நேராக நீதித்துறை நடுவரிடம் அழைத்துச் சென்றார். முதலாளிக்கு அழைப்பாணை பிறந்தது. ஆனால் முதலாளியைச் சிறைக்கு அனுப்புவது காந்தியின் நோக்கமன்று. பாலசுந்தரம் அவர் பிடியிலிருந்து விடுபட வேண்டும், அவ்வளவே. முதலாளியைச் சந்தித்து, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித் தர இசையச் செய்தார். ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரியைக் கண்டார். புதிய முதலாளியைக் கண்டுபிடித்தால் தமக்குத் தடையில்லை என்றார் அதிகாரி. இந்தியர் எவரும் ஒப்பந்தக் கூலியாளை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. எனவே அறிமுகமான ஐரோப்பியர் மிகச் சிலரே இருந்த அந்நாளில், அவர்களுள் ஒருவரை அணுகிக் கேட்டார். அவரும் மனமுவந்து ஏற்றார். யாரேனும் நிறுத்திப் பேசிவிடுவார்களோ என்று பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஓடிய சிறுவன், ஒரு கூலித் தொழிலாளிக்காக வீடு வீடாகச் சென்று தாமே பேச்சைத் தொடங்கும் மனிதராக மாறியிருந்தார்.

இந்நிகழ்ச்சியில் ஒரு சிறு செயலை மறக்கலாகாது. ஒப்பந்தத் தொழிலாளி ஐரோப்பியரின் முன்னே செல்லும்போது தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அங்கு வழக்கமாக இருந்தது. காந்தி ஐரோப்பியர் அல்லர் எனினும் அவரிடமும் அவ்வழக்கத்தைப் பின்பற்ற வேண்டும் என்றே பாலசுந்தரம் எண்ணினார். அவர் கையில் இருந்த தலைப்பாகையைக் கண்ட காந்தி, அதைத் தலையில் அணிந்துகொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கினார், பின் அணிந்துகொண்டார். குருதி தோய்ந்த அந்த முகத்தில் மகிழ்ச்சி தோன்றியதைக் காந்தி கண்டார். அவரும் டர்பனுக்கு வந்த புதிதில் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு பணிக்கப்பட்டு, அதற்கு இசையாமல் வெளியேறியவர். தமக்கு நேர்ந்த இழிவு இன்னதென்று அறிந்தவருக்கு, மற்றொருவரின் கையில் இருந்த தலைப்பாகை கண்ணில் பட்டது.

பாலசுந்தரத்தின் செய்தி ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரிடமும் பரவியது. தங்களுக்காக வாதாட ஒருவர் இருக்கிறார் என்று அறிந்து அவர்கள் நாள்தோறும் அவரைத் தேடி வந்தனர். செய்தி கடல் கடந்து சென்னைக்கும் எட்டியது.

இதற்குப் பிறகு அவரது கூச்சம் அடியோடு மறைந்துவிட்டதா? இல்லை. 1896ஆம் ஆண்டு தாயகம் வந்தபோது, பம்பாயில் பெரோஸ் ஷா மேத்தா ஏற்பாடு செய்த பொதுக்கூட்டத்தில் எழுதிய உரையைப் படிக்க நின்றார். குரல் நடுங்கியது. "உரக்க, இன்னும் உரக்க" என்று மேத்தா ஊக்கினார். ஊக்க ஊக்கக் குரல் மேலும் தாழ்ந்தது! இறுதியில் வேறொருவர் வாங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. பம்பாய் நீதிமன்றத்து இளைஞர் மறுபடியும் வந்து நின்றதுபோல் இருந்திருக்கும். ஆனால் இம்முறை அவர் ஓடவில்லை. அடுத்து சென்னைக்குச் சென்றார். பச்சையப்பன் மண்டபத்தில் கூடிய மக்கள் பாலசுந்தரத்தின் கதையால் உள்ளம் கொதித்திருந்தனர். அவர் படித்த நீண்ட உரையை ஒரு சொல்லும் விடாமல் கேட்டனர். தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலையைக் கூறும் அவரது சிறு நூலை வாங்க முண்டியடித்தனர்.

அந்தப் பயணத்தில் கப்பலிலேயே அவர் தமிழ் கற்கத் தொடங்கிவிட்டார். நேட்டாலில் தமிழரோடு நெருங்கிப் பழக வேண்டுமானால் தமிழ் அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். கப்பலின் மருத்துவர் தமிழைத் தாமே கற்க உதவும் ஒரு நூலை அவருக்குக் கொடுத்தார். பின்னாளில் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் அப்படிப்பைத் தொடர்ந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி. யு. போப் எழுதிய தமிழ்க் கையேடே அவருக்குத் துணை. அக்கையேட்டுக்கு அப்பால் அவர் தமிழ் செல்லவில்லை. ஆனால் அந்தச் சிறிதளவு தமிழுக்கும் ஒரு வேலை காத்திருந்தது.

1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே, காலன்பாக் என்னும் நண்பர் அளித்த 1100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. அறப்போரில் சிறை சென்றோரின் குடும்பங்கள் அங்கே தங்கின. பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். சம்பளம் கொடுத்து ஆசிரியரை அமர்த்தப் பணமில்லை. காந்தியே கற்பிக்க முனைந்தார். காலையெல்லாம் பண்ணை வேலை. நண்பகல் உணவுக்குப் பின் பாடம். களைப்பினால் கண் சொக்கும். தண்ணீரைக் கண்ணில் தெளித்துக்கொண்டு படிப்பார்கள்.

அப்பிள்ளைகளுள் தமிழர் பலர். அவர்கள் எல்லோரும் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். தமிழ் ஓரளவு பேசுவார்கள். எழுத்து அறவே தெரியாது. அவர்களுக்குத் தமிழ் எழுத்தையும் தொடக்க இலக்கணத்தையும் கற்பித்தவர், தமிழ் பேசத் தெரியாத ஒரு குஜராத்தியர்! ஆசிரியரைவிடத் தாங்கள் நன்றாகத் தமிழ் பேசுவோம் என்பது மாணவர்களுக்குத் தெரியும். அது அவர்களுக்குத் தெரியும் என்பதும் ஆசிரியருக்குத் தெரியும். அவர் தம் அறியாமையை மறைக்க ஒருபோதும் முயலவில்லை. ஒரு காலத்தில் பிழை நேர்ந்துவிடுமோ என்று நா எழாமல் நின்றவர், தம் பிழைகளைத் திருத்தக்கூடிய சிறுவர்களின் முன்னே நின்று நாள்தோறும் அ, ஆ எழுதிக் காட்டினார்.

ஆங்கிலம் அறியாத தமிழர் யாரேனும் அவரைக் காண வந்தால், அவர் தம் மாணவர்களை அழைப்பார். எழுத்தை அவரிடம் கற்ற பிள்ளைகள், வந்தவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை வந்தவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்வார்கள்.

அருஞ்சொற்பொருள்

முகவர் – இடைநின்று வேலை முடித்துத் தருபவர்
கட்சிக்காரர் – வழக்கில் ஒரு தரப்பினர்
மரக்கறி – காய்கறி உணவு
எழுத்தர் – அலுவலகத்தில் எழுதும் பணி செய்பவர்
அழைப்பாணை – நீதிமன்றத்துக்கு வருமாறு விடுக்கும் கட்டளை
எள்ளளவும் – மிகச் சிறிதும்
அறவே – முழுவதும்

எழுதிப் பழகுக

1. பம்பாய் நீதிமன்றத்தில் காந்திக்கு நேர்ந்ததை உம் சொந்த நடையில் ஐந்து வரிகளில் எழுதுக.
2. இலண்டன் விருந்திலும் பிரிட்டோரியா கூட்டத்திலும் காந்தி பேசியதற்கு இடையே உள்ள வேறுபாடு யாது?
3. பாலசுந்தரத்தின் முதலாளியைத் தண்டிப்பது தம் நோக்கமன்று என்று காந்தி கருதியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. 'கண் சொக்கும்', 'நா எழவில்லை', 'முண்டியடித்தனர்' – இத்தொடர்களை அமைத்துப் புதிய வாக்கியங்கள் எழுதுக.

செய்து பார்ப்போம்

உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ, தமிழ் பேசத் தெரிந்தும் எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால், அவருக்கு இவ்வாரம் அவர் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொடுங்கள். அவர் எழுதிய தாளை அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.